கிழக்கறை எண் 21

1-9-2025, திங்கள்.
ஆலையின் ஃபோர்மேன் அறைகள் இரண்டுக்கும் வெள்ளையடித்து முடிந்தது. சென்ற மாதம் வந்த இணையத் தொலைபேசிகளை ஆட்களிடம் விடாமல் நானே கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, நானே மாட்டினேன். மாலை 5.30க்கு வழக்கம்போல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். பட்டாசு ஆலையில் இரவில் மின்சாரம் ஓடக்கூடாது.

2-9-2025, செவ்வாய்.
21ஐ அழுத்தினால் கிழக்கறை எடுக்க வேண்டும்; மேற்கறை எடுக்கிறது. 22க்குக் கிழக்கறை. கையேட்டைப் பார்த்து, இரு போன்களிலும் எண்களைத் திருத்தினேன். ஒரு மணி நேரம் வீண்.

3-9-2025, புதன்.
காலையில் மறுபடி பழைய கோலம்! மறுபடி திருத்தினேன்.

4-9-2025, வியாழன்.
மூன்றாம் முறை. கணினி பார்க்கும் கீர்த்திகாவைக் கேட்டேன்.

"நான் தொடவே இல்லய்யா. சாயங்காலம் நீங்க மெயினை அணைச்சிருதீக. காலைல கரண்டு வந்ததும் ஒவ்வொரு போனும் சர்வர்ல தனக்குன்னு இருக்க ஃபைலைப் படிச்சு, அதுல உள்ள எண்ணைத்தான் எடுத்துக்கிடும். கையால மாத்துனது நிக்காது. ஃபைலைப் பாக்கவா?"

அந்த ஃபைல், எந்தப் போனுக்கு எந்த எண் என்று நான் 14-8-2025 அன்று கையொப்பமிட்டுத் தந்த பட்டியல்படி எழுதியது. அதில் பிழை இராது. தொடாதே என்றேன். இவள்தான் மாற்றுகிறாள் – வேறு யார்?

5-9-2025, வெள்ளி.
இன்று திருத்தவில்லை. முதலாளி பார்க்கட்டும் என்று சாட்சியாக அப்படியே விட்டேன். கீர்த்திகாவை வேலையிலிருந்து நீக்கக் கோரிக் கடிதமும் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை விசாரிக்கிறாராம்.

6-9-2025, சனி.
பகல் 3.10க்கு வானில் இடி, மின்னல். கிழக்கே வெடிமருந்து கலக்கும் இடம்; மின்னல் என்றால் முதலில் காலிசெய்ய வேண்டியது அதைத்தான். உள்ளே கைபேசிக்கு அனுமதியில்லை. பதற்றத்தில் பழக்கப்படி 21ஐ அழுத்தி, "ஆட்களை வெளியேற்று" என்று சொல்லி வைத்துவிட்டேன். எடுத்த குரலைக் கவனிக்கவில்லை. மேற்கே காகிதக்குழாய் சுற்றுகிறவர்கள் ஓடினார்கள். கிழக்கே வேலை நடந்துகொண்டிருந்தது.

3.30க்குக் கிழக்கறை ஃபோர்மேன் இருளாண்டி நனைந்தபடி வந்தான்.

"என்னய்யா மேனேஜரு, வானம் பொளந்துக்கிட்டு கெடக்கு, போனு மூச்சு விடல! நானாப் பாத்து வெளிய பத்துனேன். உள்ள பதினோரு பேரு. எம் பொண்டாட்டியும் இருந்தா. பேப்பர் சுத்துறவுகளை மட்டும் காப்பாத்திட்டீகளாக்கும்?"

இருபது நிமிடம். ஐயோ, இருபது நிமிடம்.

7-9-2025, ஞாயிறு.
விசாரணைக்குத் தேதிவாரியாகக் குறிப்பெடுக்க இந்த நோட்டைப் புரட்டினேன். எண்கள் முதலில் தவறியது 2ஆம் தேதி. அதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது?

'நானே கழற்றி, நானே மாட்டினேன்.'

இரண்டும் ஒரே அச்சு. எது எந்த அறைக்குரியது என்று பார்த்தேனா? நாற்பத்தொரு வருட உத்தியோகம். அடப் பாவி மனுசா.

8-9-2025, திங்கள்.
காலை 8.15. இருளாண்டியை வைத்துக்கொண்டு கிழக்கறைப் போனைக் கழற்றினேன். முதுகில் அச்சிட்டிருந்த தயாரிப்பு எண், என் பட்டியலில் மேற்கறைக்குரியது. இரண்டையும் இடம் மாற்றி மாட்டினோம். "இம்புட்டுத்தானா?" என்றான். அவன் சிரிக்கவில்லை.

9-9-2025, செவ்வாய்.
மெயினைப் போட்டதும் 21ஐ அழுத்தினேன். இரண்டாம் மணியில் இருளாண்டி.

நேற்று முதலாளியிடம் வாயால் சொன்னது போதாது. குற்றம் என்னுடையது என்று எழுத்திலும் இருக்க வேண்டும். தட்டச்சு செய்ய அலுவலகத்தில் கீர்த்திகாவை விட்டால் ஆளில்லை. நான் சொல்லச் சொல்ல, தலை நிமிராமல் அடித்தாள். கையொப்பமிட்டேன்.

தாளை என் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"ஐயா, தேதி போடலயே."