சுண்டுவிரலுக்கு வரும் நரம்பு

கிரெய்கிபர்ன்
ஜூன் 3

அன்புள்ள நிரூபா அக்காவுக்கு,

டில்ஷா எழுதுகிறேன். சிட்னியில் நீங்களும் பெரியம்மாவும் சுகம்தானே? கடிதமா என்று சிரிக்க வேண்டாம். ஒன்பது மணிக்கு அம்மா என் போனை வாங்கிக் குசினி மேசையின் லாச்சிக்குள் வைத்து மூடிவிடுவார். மெசேஜ் அனுப்பினால் ஐபாடிலும் விழும். அது முழுநாளும் தங்கச்சி ஜெனிற்றாவின் கையில். தமிழில் எழுதினால் அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அப்பா காரிலிருந்து தூக்கி வருகிறார். கோயில் பூசையில் சுவாமியார் அவளுடைய பெயரைச் சொல்லிச் செபிக்கிறார். அன்ரிமார் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து, "தங்கச்சியை வடிவாப் பாக்கிறியோ பிள்ளை?" என்று என்னைக் கேட்கிறார்கள். இரவில் அம்மா, ஊரிலிருந்து போத்தலில் கொண்டுவந்த மடு மாதா கோயில் மண்ணைக் குழைத்து அவளுடைய பாதங்களில் பூசி, செபம் சொல்லித் தடவுவார். என் கால்கள் நடக்கின்றன. அதனால் அவற்றை யாரும் பார்ப்பதில்லை.

இனித்தான் விஷயம். என் இடது கைச் சுண்டுவிரல் விறைத்துவிட்டது. கிள்ளினாலும் வேறு யாருடைய விரலையோ கிள்ளுவது போல இருக்கிறது. ஜெனிற்றாவுக்கும் கால்விரலில் இப்படித்தான் தொடங்கியது. போன மாதம் தலையிடி என்றேன். "தங்கச்சியைப் பாத்து நடிக்காதை" என்றார் அம்மா. இதைச் சொன்னாலும் நம்ப மாட்டார். சொல்லாமல் விட்டால், ஆஸ்பத்திரியில் அவளுக்கு நடந்தது போல எனக்கும் மூச்சு நின்றுவிடுமா?

நீங்கள் பிசியோதெரபி படிக்கிறீர்கள். பயோலஜி பாடத்துக்கு உதவுவது போலப் பதில் எழுதுங்கள். அம்மா பிரித்தாலும் பிரிப்பார்.

பயத்துடன்,
டில்ஷா


ஸ்ட்ராத்ஃபீல்ட்
ஜூன் 8

அன்புள்ள பயோலஜி மாணவிக்கு,

உன் பாடக் கேள்விக்குப் பதில். மூளையும் முள்ளந்தண்டுக்குள் ஓடும் நாணும்தான் தலைமை. அங்கிருந்து நரம்புகள் கிளைவிட்டு உடம்பெங்கும் போகின்றன. ஒரு நரம்புக்குள்ளேயே சில இழைகள் சேதியை உள்ளே கொண்டுவரும், சில கட்டளையை வெளியே கொண்டுபோகும். பயந்தால் நெஞ்சு அடித்துக்கொள்வதற்கும் நரம்புகள் உண்டு. அவை எங்களிடம் அனுமதி கேட்பதில்லை.

ஜெனிற்றாவுக்கு வந்த கிலன் பாரே என்ற நோய், நரம்பைச் சுற்றியிருக்கும் உறையை உடம்பே தவறாகத் தாக்குவதால் வருவது. பெரும்பாலும் இரண்டு கால்களிலும் ஒன்றாகத் தொடங்கி மேலே ஏறும். ஒரு கையின் ஒரு விரல் என்பது வேறு கதையாக இருக்கலாம். ஏனென்றால், தோலில் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு நரம்புக்குச் சொந்தம்.

உதாரணத்துக்கு ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். அவள் கண்ணை மூடி, டிஷ்யூவால் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்க்கட்டும். மோதிரவிரலில் இரண்டு பக்கமும் தொடட்டும். குதிக்காலைத் தூக்கி நிற்கட்டும். நடையிலோ மூச்சிலோ மாற்றம் வந்தால், யார் என்ன நினைப்பார்களோ என்று பார்க்காமல் வீட்டையே எழுப்ப வேண்டும்.

ஜூலை லீவுக்கு அங்கே வருகிறேன். ஜெனிற்றாவின் கால்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சின்னம்மா கேட்டார்.

அன்புடன்,
நிரூபா


கிரெய்கிபர்ன்
ஜூன் 13

அன்புள்ள அக்கா,

அந்தப் பிள்ளை எல்லாம் செய்துபார்த்தாள். சுண்டுவிரல் முழுவதும் விறைப்பு. மோதிரவிரலில் சுண்டுவிரல் பக்கம் தெரியவில்லை, மற்றப் பக்கம் தெரிகிறது. ஒரே விரலுக்குள் எல்லை போட்ட மாதிரி! வலது கையும் கால்களும் சரி.

நீங்களும் ஜெனிற்றாவுக்காகத்தான் வருகிறீர்கள். அந்த வரியை வாசித்ததும் கடிதத்தைக் கசக்கிவிட்டேன். பிறகு விரித்தேன். நீங்கள் ஒருவராவது எனக்கு என்று நினைத்திருந்தேன்.

வேறு ஒருவரிடமும் சொல்ல முடியாததைச் சொல்கிறேன். விரல் விறைத்தபோது முதலில் பயம் வந்தது. அடுத்ததாகச் சந்தோஷம் வந்தது. இனி என்னையும் பார்ப்பார்கள் என்று. நோயை விட அந்தச் சந்தோஷம்தான் எனக்குப் பயம். போத்தலிலிருந்து மடு மண்ணை எடுத்து நானே விரலில் பூசிக்கொள்கிறேன். மண் குறைந்துகொண்டே வருகிறது. பொறாமை எந்த நரம்பில் வரும் அக்கா? அதை வெட்ட முடியுமா?

ஜெனிற்றாவுக்கு எட்டு மணிக்கே எங்கள் அறை இருட்டாக இருக்க வேண்டுமாம். அவள் வந்த நாளிலிருந்து நான் குளியலறைத் தரையில் இருந்துகொண்டு, தொட்டியின் விளிம்பில் இடது முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் படிக்கிறேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். கால் குளிருகிறது. நிறுத்துகிறேன்.

டில்ஷா


ஸ்ட்ராத்ஃபீல்ட்
ஜூன் 17

என் டில்ஷாக் குட்டிக்கு,

இனிப் பயோலஜி இல்லை. முழங்கையை அந்த விளிம்பிலிருந்து எடு!

சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் அந்தப் பாதிக்கும் வருவது ஒரே நரம்பு. முழங்கைக்குப் பின்னால் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே, மேலே சதை இல்லாமல் ஓடுகிறது. இடித்தால் கரண்ட் அடிக்குமே, அதுதான். நீ இரவெல்லாம் அதன்மேல் சாய்ந்திருக்கிறாய். நான் இரண்டாம் ஆண்டு மாணவி, டொக்டர் இல்லை. டொக்டர் பார்க்கத்தான் வேண்டும். இன்றே அம்மாவிடம் சொல். நான் முந்திக்கொண்டு சொல்ல மாட்டேன். கை உன்னுடையது, நீயே சொல்ல வேண்டும்.

பொறாமைக்கு எந்த நரம்பு என்று எங்களுக்கு இன்னும் படிப்பிக்கவில்லை. எனக்கும் தம்பி இருக்கிறான். வெட்ட முடிந்திருந்தால் எப்போதோ வெட்டியிருப்பேன்.

ஜூலையில் உன்னிடம்தான் வருகிறேன். ஜெனிற்றாவின் கால்களையும் பார்ப்பேன்.

நிரூபா அக்கா


கிரெய்கிபர்ன்
ஜூன் 24

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன். அம்மா முதலில், "இப்ப நீயுமோ?" என்று கத்தினார். நான் குளியலறைக்குக் கூட்டிப்போய்த் தரையில் இருந்து, எப்படிப் படிக்கிறேன் என்று காட்டினேன். முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் சிவந்து தடித்திருந்தது. தொட்டி விளிம்பிலேயே இருந்துவிட்டார். கனநேரம் எழும்பவில்லை.

டொக்டர் முழங்கையைத் தட்டினார். சுண்டுவிரல் வரை கரண்ட் ஓடியது. என்னைவிட அம்மாதான் துள்ளினார். நீங்கள் சொன்ன அதே நரம்பாம். ஊன்றாமல் விட்டால் விறைப்பு மெல்ல மாறிவிடுமாம். இரவில் முழங்கையை மடக்காமல் துவாய் சுற்றிப் படுக்கச் சொன்னார்.

அன்று இரவு அம்மா போத்தலை எடுத்துக்கொண்டு என் கட்டிலில் வந்து இருந்தார். "மண் குறைஞ்சது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? சுகம் வர ஜெனிற்றாதான் அள்ளித் தின்னுறாளெண்டு நினைச்சன். கேட்டிருந்தாத் தந்திருப்பன்தானே பிள்ளை." முழங்கையில் பூசிவிட்டார். செபம் பாதியில் நின்றுபோனது. திரும்பவும் முதலிலிருந்து சொன்னார்.

அப்போது மற்றக் கட்டிலிலிருந்து ஒரு குரல். "நோ ஃபேர்! எனக்கு இன்னும் பூசேல்லை. அக்கா நடக்கிறாதானே, அவவுக்கு ஏன்? ஒவ்வொரு நாளும் தானா எழும்பி பாத்ரூமுக்குப் போறா. நான் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பன்."

அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அது என் முகம்தான் அக்கா.

இப்போது அறையில், என் மேசையில் எழுதுகிறேன். லைட் எரிகிறது. ஜெனிற்றா தூங்கவில்லை. "தமிழில என்ன எழுதுறாய்? என்னைப் பற்றியோ?" என்கிறாள்.

"இல்லை, என்னைப் பற்றி" என்றேன்.

அவளுடைய முகம் சுருங்கிவிட்டது. அவளைப் பற்றியும் இன்னும் ஒரு பக்கம் எழுதலாம் போலிருக்கிறது.

உங்கள்,
டில்ஷா