தோளில் கை வைத்த டாக்டர்

அன்பு மகள் மணிமொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்க நினைத்தேன், அதில் முக்கால் பங்கு உண்மை, மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உனக்கு அங்கே குளிர் குறைந்ததா, இருமல் விட்டதா. போனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டதுமே உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினால் அப்படி என்ன ரகசியம் என்கிறார். அதனால் லீவு முடிந்து டப்ளினுக்குத் திரும்பும் உன் ரூம் தோழி ஓவியாவிடம் பருப்புப் பொடி, எள்ளுப் பொடியோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். பொடியைப் பிரிக்கும் முன் இதைப் படி.

அப்பாவுக்குப் பித்தப்பையில் கல். சாப்பிட்ட பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவதை வாயு என்றே சொல்லி ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், ஸ்கேனில் தெரிந்துவிட்டது. சின்னத் துளை போட்டுப் பையோடு எடுத்துவிடுவார்களாம், ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாமாம், ஆனால் தள்ளிப்போட்டுச் சீழ் பிடித்தால் பெரிய தொல்லை என்றார்கள். உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார், நானும் தலையை எந்தப் பக்கம் என்று தெரியாதபடி ஆட்டிவைத்தேன். ஆபரேஷன் கூடப் பெரிதில்லை மணி, அதற்கு அவரைச் சம்மதிக்க வைத்த கதைதான் பெரிது.

நம் வீட்டில் படம் பார்க்கிற லட்சணம் உனக்குத் தெரியும். நடிகர் பெயர் யாருக்கும் நினைவிருக்காது, போன படத்தில் என்னவாக வந்தார் என்பது மட்டும் மறக்காது. நீதிபதி தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தால், போன வாரம் பஸ்ஸுல பிக்பாக்கெட் அடிச்சவன்தானே, அதுக்குள்ள எப்படிப் படிச்சான் என்பார் அப்பா. மாமியாராக வருகிறவள் ஒரு காலத்தில் அதே ஹீரோவோடு டூயட் பாடியவள், அவனப் பத்தித் தெரிஞ்சதாலதான் பொண்ணு குடுக்க மாட்டேங்கிறா என்பார். போலீஸ் கடைசியில் வந்தால், வேற படத்துல டூட்டி முடிச்சிட்டு வரணும் இல்ல என்று பரிந்து பேசுவார். நீயும் சேர்ந்துகொண்டு சிரிப்பாய், நான்தான் கதை புரியாமல் விழிப்பேன். நீ போன பிறகு அவர் தனியாகச் சொல்லித் தனியாகச் சிரிக்கிறார், பாவமாக இருக்கிறது என்று நானும் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டேன்.

வேங்கிக்காலில் நம் ஜெராக்ஸ் கடைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் ஆஸ்பத்திரி. உள்ளே போனால், படத்தில் வருகிற அந்தத் தங்க ஃபிரேம் கண்ணாடி வில்லன் அப்படியே வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்திருக்கிறார். மெல்லப் பேசியே ஆளை முடிப்பானே, அவனேதான். அதே வழுக்கை, அதே குரல். நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை, பார்த்தால் சிரித்துவிடுவேன். டாக்டர் நல்ல மனிதர், செங்கத்துக்காரர், படம் போட்டு விளக்கினார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் எழுந்து வந்து அப்பாவின் தோளில் கை வைத்து, ஒண்ணும் பயப்படாதீங்க சார், நான் பாத்துக்கிறேன் என்றார். அவ்வளவுதான். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பௌர்ணமி முடியட்டும், இப்ப கிரிவலக் கூட்டத்துல ஆட்டோ கிடைக்காது என்று சொல்லி வெளியே வந்துவிட்டார். பௌர்ணமிக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நான் திட்டினேன். தோ பாரு திரௌபதி, அந்த ஆளு படத்துல யாரு தோள்ல கை வெச்சானோ அவன் எவனாவது இன்டர்வெல் தாண்டியிருக்கானா, நீயே சொல்லு என்றார். யோசித்துப் பார்த்தேன், ஒருத்தனும் தாண்டவில்லை.

முதலில் வேடிக்கை என்றுதான் நினைத்தேன், நாள் போகப் போக நிஜமாகவே அசையவில்லை. உன் பிரசாத் சித்தப்பாவை வரவழைத்தேன். அண்ணா, போன வருஷம் எனக்குக் குடல்வால் எடுத்ததே அவர்தான், நான் முழுசா நிக்கலயா என்றான். நீ காமெடியன்டா, காமெடியன எவன் கொல்லுவான் என்று வாயை அடைத்துவிட்டார். பிறகு நானே போனில் தேடி, அந்த நடிகர் நல்லவராக வந்த படம் ஒன்றைக் கண்டுபிடித்துப் போட்டேன், ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வாத்தியார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். கடைசியில் வாத்தியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கரும்பலகை முன்னாலேயே விழுந்துவிட்டார். பாத்தியா, கெட்டவரா வந்தா நம்மளக் கொல்றாரு, நல்லவரா வந்தா அவரே போயிடறாரு, வயித்தத் தொறந்து வெச்சிட்டு நடுவுல அவருக்கு ஏதாவது ஆனா யாரு மூடுவாங்க என்றார். முழுதும் பார்க்காமல் படம் போட்டது என் தப்பு.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஊரில் எல்லோருக்கும் வேஷம் கொடுத்துவிட்டார், தனக்கு மட்டும் கொடுக்கவில்லை. டிவியை அணைத்துவிட்டு, சரி, நீங்க யாரு என்று கேட்டேன். ரிமோட்டை எடுத்துத் துடைத்தார். ஹீரோயினோட அப்பா என்றார். பொண்ணு வெளிநாட்டுல இருக்கறப்ப அப்பன் ஆஸ்பத்திரிக்குப் போனா அவன் திரும்ப மாட்டான்டி, பொண்ணு ஏர்போர்ட்ல பெட்டியப் போட்டுட்டு ஓடியாரும், அதுக்குள்ள முடிஞ்சிருக்கும், எத்தினி படத்துல பாத்தாச்சு. சிரிக்காமல் சொன்னார் மணி. பயம் டாக்டர்மேல் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் வழியில் போனால்தான் காதில் ஏறும் என்று, அந்த அப்பனுங்க எவனுக்காவது பொண்டாட்டி இருந்திருக்காளா, சுவத்துல மாலை போட்ட போட்டோவாத்தானே இருப்பா, நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், அப்புறம் எப்படி அந்தக் கதை ஆகும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒவ்வொரு படமாக மனசுக்குள் ஓட்டியிருப்பார் போல. அதுவும் வாஸ்தவம்தான் என்றார். பிறகு ஸ்கேன் ரிப்போர்ட்டை எங்கே வைத்தாய் என்று கேட்டார்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன். விமானம் ஏறிவிடாதே, நீ ஏர்போர்ட்டில் ஓடிவந்தால் அவர் பயந்தது சரி என்றாகிவிடும். வியாழக்கிழமை வழக்கம்போல் கூப்பிடு, தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, ஏதாவது படம் பார்த்ததைச் சொல்லிச் சிரிக்க வை. ராத்திரி ஷிப்ட் என்று காப்பியை மட்டும் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, எள்ளுப் பொடியை ஈரக் கரண்டி போடாமல் எடு. அண்ணாமலையார் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. அவரை உள்ளே கூட்டிப்போன பிறகு நான் வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பேன், அவரிடம் பேசிய தைரியம் எல்லாம் அப்போது இருக்காது. அந்த நேரத்துக்கு எனக்கு ஒரு மெசேஜ் போடு, சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டால் கூடப் போதும்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா திரௌபதி