பன்னிரண்டாவது ஸ்பூன்

டான்டன், மாசசூசெட்ஸ்
1912 ஏப்ரல் 22

அன்பு மகள் லவினியாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் எடை இன்னும் இரண்டு பவுண்டு குறைந்துவிட்டதாகக் காசநோய் ஆஸ்பத்திரி டாக்டர் எழுதியிருந்தார். கொடுக்கிற பாலையும் முட்டையையும் மீதி வைக்காமல் சாப்பிட்டால் ஏன் குறையப்போகிறது? சின்ன வயதிலிருந்தே உனக்குச் சாப்பாட்டில் பிடிவாதம். போர்வையைச் சுற்றிக்கொண்டு வராந்தாவில் படுத்திருப்பதுதானே அங்கே உனக்கு வேலை, அதையாவது ஒழுங்காகச் செய்.

உன் அறையைக் காலி செய்து, கந்தகப் புகை போட்டு, சுவருக்குப் புதுக் காகிதம் ஒட்டியாயிற்று. உன் உடுப்புகளை எரித்துவிட்டோம். அப்பாவுக்கு மனசு வரவில்லை, தோட்டத்தில் நான்தான் நின்று பார்த்துக்கொண்டேன். இப்போது மாபெல் அந்த அறையில் உட்கார்ந்து தைக்கிறாள். நல்ல வெளிச்சம்.

என்ன தைக்கிறாள் உன் தங்கை என்று கேட்பாய். கல்யாண உடுப்பு. ஜூன் ஐந்தாம் தேதி, புதன்கிழமை. மாப்பிள்ளை எவரெட் பைன். நீ அழாதே, இருமல் அதிகமாகும். நிச்சயம் செய்த பிறகு இரண்டு வருஷம் உனக்காகக் காத்திருந்தான், ஓர் ஆண்பிள்ளையிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவன் போட்ட மோதிரத்தை நீயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டான். உன் விரலில் கிடந்ததை மாபெல் எப்படியும் போட்டுக்கொள்ள மாட்டாள். போன ஞாயிறு சாப்பிடும்போது அப்பாவிடம், "இந்த வீட்டுலதான் பொண்ணு எடுப்பேன்னு சொன்னேன், எடுக்கறேன். வாக்கு மாறலையே சார்" என்றான். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

உன் கல்யாணச் சீருக்குச் சேர்த்த வெள்ளிக் கரண்டி விஷயத்துக்கு வருகிறேன், அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். உன் பதினாறாவது பிறந்தநாளில் லெதர்பி கம்பெனியின் ஆப்பிள் பூ டிசைன்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். கோர்ஹாம் கம்பெனியின் சாண்டில்லி டிசைனை வாங்கு, ஊரில் பாதிப் பெண்கள் அதைத்தான் வாங்குகிறார்கள், ஒன்று குறைந்தாலும் கடையில் கிடைக்கும் என்றேன். கேட்டாயா? சொந்தக்காரர்கள் பிறந்தநாளுக்கும் கிறிஸ்மஸுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, ஏழு வருஷத்தில் பன்னிரண்டு பேருக்கு வேண்டியது சேர்ந்தது, சிப்பி தின்கிற முள்கரண்டி உட்பட. ஒன்றில் மட்டும் என் பேச்சு எடுபட்டது. கைப்பிடியில் உன் பெயரின் எழுத்தையும் பொறிக்க வேண்டும் என்று அழுதாய், குடும்பப் பெயரின் எழுத்து மட்டும் போதும் என்று நான்தான் பொறிப்பவரிடம் சொன்னேன். எவ்வளவு நல்லதாகப் போயிற்று பார், எதையும் சுரண்டி அழிக்காமல் மாபெலுக்கு அப்படியே ஆகிவிட்டது. "அவளுக்கு இனிமே வீடா, விருந்தா? எதுக்கும்மா வெள்ளி?" என்று அவளே கேட்டாள். கேட்ட விதம் சரியில்லைதான். கேட்டதில் தப்பில்லை.

ஆனால் டீ ஸ்பூன் பதினொன்றுதான் இருக்கிறது. மருந்து குடிக்க என்று நீ ஒன்றை எடுத்துக்கொண்டு போனாய். லெதர்பிக்கு எழுதிக் கேட்டேன். கம்பெனி கைமாறிவிட்டதாம், ஆப்பிள் பூ அச்சை உடைத்துவிட்டார்களாம். வேறு டிசைனில் ஒன்றைச் சேர்த்து ஒப்பேற்றலாம் என்றால், எவரெட்டின் அம்மா வருகிறாள். ஸ்பூனைத் திருப்பி, சுத்த வெள்ளி என்று 'ஸ்டெர்லிங்' முத்திரை இருக்கிறதா என்று பார்க்காமல் வாயில் வைக்காதவள் அவள்.

ஆகவே ஸ்பூனை அனுப்பு. முட்டைக்கு அதைத் தொடாதே, வெள்ளி கறுத்துவிடும். அனுப்புவதற்கு முன் கொதிக்கிற தண்ணீரில் அரைமணி நேரம் போட்டு எடு. தவறாக நினைக்காதே, மாபெலின் மார்பும் அவ்வளவு பலமில்லை. அவளையாவது நான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். உனக்கு அங்கே தகரக் கரண்டி கொடுப்பார்கள்.

கல்யாணத்துக்கு வருகிறேன் என்று எழுதி எங்களைச் சங்கடப்படுத்த மாட்டாய் என்று நம்புகிறேன். கடவுள் உனக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும். மே மாதக் கடைசிக்குள் பார்சல் வந்துவிட வேண்டும், கண்ணு.

உன் நலம் நாடும் அம்மா,
கொர்னீலியா திர்ஸ்டன்


சாரனாக் லேக், நியூயார்க்
1912 ஜூன் 5

மதிப்புக்குரிய அம்மாவுக்கு லவினியா எழுதுவது.

இங்கே யாரும் சௌக்கியமில்லை, அதனால்தான் இங்கே இருக்கிறோம்.

ஸ்பூன் வந்து சேர்ந்ததாக மாபெல் எழுதியிருந்தாள். நன்றிகூடச் சொல்லியிருந்தாள். மற்ற பதினொன்றோடு பெட்டியில் போட்டுவிட்டாளாம், எது அது என்று இப்போது அவளுக்கே தெரியவில்லையாம். தெரியாதுதான். தினம் ஆறு முட்டையை அதில்தான் சாப்பிட்டேன், கரியாகக் கறுத்திருந்தது. பல்பொடி போட்டு இரண்டு நாள் தேய்த்தேன். பூ இதழின் இடுக்கில் இருந்ததைத் தீக்குச்சியில் துணி சுற்றி எடுத்தேன். என் கல்யாணத்துக்கென்று சேர்த்தது, அழுக்காக அனுப்ப மனசு வரவில்லை.

கொதிக்க வைத்தாயா என்று கேட்பீர்கள். நான் என்ன செய்தேன் என்று பார்த்தவள் பக்கத்துப் படுக்கை நோரா ஒருத்திதான். அவள் ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனாள். நான் சொல்லப்போவதில்லை.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது விருந்து முடிந்திருக்கும். எவரெட்டின் அம்மா முத்திரையைப் பார்த்துத் திருப்திப்பட்டிருப்பாள். பன்னிரண்டு பேர் டீ கலக்கிக் குடித்திருப்பார்கள், அதில் ஒருவர் என்னுடையதில். யார் என்று யோசித்துப் பாருங்கள். இனிமேல் பன்னிரண்டையும் சேர்த்துக் கொதிக்க வையுங்கள், நல்லதுதான்.

எனக்குக் கோபம்தான் அம்மா. எவரெட் மேல் இருந்தது, இப்போது இல்லை. மாபெல் மேல்கூட இல்லை. 'அவளையாவது' என்று எழுதினீர்களே, அந்த ஒரு வார்த்தையைப் படித்த பிறகுதான் தண்ணீர் வைக்க எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தேன்.

மாபெல் நூறு வயது இருக்கட்டும். அவள் எப்போது இருமினாலும் நீங்கள் என்னை நினைத்துக்கொள்வீர்கள், எனக்கு அது போதும்.

உங்கள் மூத்த மகள்,
லவினியா