பூட்டிய கேட்டுக்கு உள்ளே உங்கள் கல்

அக்கா,

உங்கள் பாதையில் காய்த்த மாம்பழம் ஒரு பெட்டி நிறைய எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. காலையிலிருந்து வீடு முழுக்கச் செந்தூரப் பழத்தின் வாசம். வைக்கோலை விலக்கிப் பார்த்தேன். நல்ல பழம்தான், ஒன்றில்கூட அடிபட்ட தடம் கிடையாது. நேற்று உங்கள் பெயரில் கல் திறந்தார்கள். விழாவுக்கு உழைத்த குடும்பங்களுக்கு ஆளுக்கொரு பெட்டி என்று பாதைக் கமிட்டி முடிவு செய்ததாம். கமிட்டித் தலைவர் வீடு என்பதால் எங்களுக்கு வந்தது கொஞ்சம் பெரிய பெட்டி. அந்தத் தலைவரைத்தான் நான் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிறேன் என்பது உங்களுக்குத் தெரியாததா?

ஒரு பழத்தையும் நான் நறுக்கவில்லை. வைக்கோலைப் போட்டு மறுபடி மூடிவிட்டேன். கல்லில் வெட்டுவதற்கு உங்களைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொல்லி என்னைத்தான் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். அது அவர்களுக்கு ஆகவில்லை. அதனால் கல்லை விட்டுவிட்டு உங்களுக்கே எழுதுகிறேன்.

உங்கள் தோட்டத்துக்கும் எங்கள் தோட்டத்துக்கும் நடுவில் அந்தப் பழைய ரயில் வளைவு கிடந்தது நினைவிருக்கிறதா? அகல ரயில்பாதை போட்டபோது வளைவை நிமிர்த்திப் புது ரயிலை அந்தப் பக்கமாகக் கொண்டுபோய்விட்டார்கள். தண்டவாளத்தையும் கட்டைகளையும் பெயர்த்தெடுத்த பிறகு வெறும் ஜல்லி மேடு மிஞ்சியது. அதன் மேல் உண்ணிமுள் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. முதலமடைப் பக்கத்திலிருந்து கொல்லங்கோட்டுச் சாலை வரை மாந்தோப்புகளுக்குள்ளேயே வளைந்து போகும் மேடு. பகலில்கூட அங்கே யாரும் வரமாட்டார்கள். நாம் சைக்கிள் பழக அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு அதுதான் காரணம்.

உங்கள் வீட்டுக்காரர் தவறியபின் தோட்டத்து வேலை மொத்தமும் உங்கள் தலையில் விழுந்தது. விவசாய ஆபீசான கிருஷி பவனுக்கும் பாங்குக்கும் உரக்கடைக்கும் கொழுந்தனாரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய் வந்தீர்கள். அவருக்கு நேரமிருக்கிற அன்றைக்குத்தான் உங்களுக்கு வேலை நடக்கும். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பொரிந்து தள்ளினீர்கள். "உரத்துக்கு வெல கேக்கறதுக்கும் ஒருத்தன் பொறகால உக்காந்து போகோணுமா அம்மிணி? எனக்கென்ன காலு இல்லியா?" மறுவாரம் யாரோ ஓட்டிக் கழித்த ஒரு லேடீஸ் சைக்கிளோடு வந்து நின்றீர்கள். இரண்டு பேருக்குமே ஓட்டத் தெரியாது. நாற்பதைத் தாண்டிய இரண்டு பொம்பளைகள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முள்ளுக்கு நடுவில்!

நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மேடு சரிவாக இறங்கும் இடத்தில் சைக்கிள் என் கையை விட்டுப் போய்விட்டது.

"அக்கா, உழுந்துருவீங்க, எறங்குங்க!"

"எறங்கத் தெரிஞ்சா எறங்க மாட்டனா புள்ள? வந்து புடி!"

உண்ணிமுள்ளுக்குள் போய் விழுந்தீர்கள். கையெல்லாம் கீறல், முடியெல்லாம் முள். எழுந்திருக்கவில்லை, படுத்தபடியே சிரித்தீர்கள். நான் பயந்துபோய் அழுதேன். அப்புறம் நானும் சிரித்தேன். இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டும்போது சிரிப்பு வரவேண்டும். ஆனால் இப்போது அங்கே போக முடியாது, பூட்டு.

பாதை என்ற யோசனை உங்களுக்கு அந்த மேட்டில்தான் வந்தது. மாங்காய் சீசனில் நம் ரோடு என்ன கதியாகும் என்று சொல்லவே வேண்டாம். லோடு லாரிகள் மாற்றி மாற்றி ஓடும். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள் ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கி நின்று வழி விடுவார்கள். "ஜல்லிய அள்ளிப்போட்டு மண்ணப் போட்டா இதுலயே போயிரலாம். லாரிக்காரனுக்கு லாரி ரோடு, நமக்கு இது" என்றீர்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

மேட்டை ஒட்டித் தோப்பு வைத்திருந்த ஒவ்வொருவரும் வருஷத்துக்குக் கொஞ்சமாக வேலியை மேட்டுப் பக்கம் தள்ளி வைத்திருந்தார்கள். எங்கள் வேலியும் அப்படித்தான். நீங்கள் முதலில் உங்கள் வேலியைப் பிடுங்கிப் பின்னால் நட்டீர்கள். அப்புறம்தான் மற்ற வீடுகளுக்குப் போனீர்கள். சண்டை போடவில்லை. "நம்ம ஊட்டுப் புள்ளைக போறதுக்குத்தானுங்க" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடுவீர்கள். சரி என்று சொல்லாமல் உங்களை எழுப்ப முடியாது. கடைசியில் என் வீட்டுக்காரரும் வேலியை எடுத்தார். எடுத்த கையோடு கமிட்டிக்குத் தலைவரும் ஆனார். ஆம்பளை ஒருத்தர் முன்னால் நின்றால்தான் ஆபீசில் காரியம் நடக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நீங்கள் அதற்கும் தலையாட்டினீர்கள். உங்களுக்குப் பாதை வந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊரே வந்து முள் வெட்டியது. பெண்கள் ஜல்லி அள்ளினோம், ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு வீட்டிலிருந்து தக்காளி சோறு வந்தது. அனுமதிக்கு அலைந்தது, மண் அடித்தது, சமன் பண்ணியது என்று எல்லாம் ஒருவழியாக முடிந்தது. நிழலுக்கு மரம் நடுவதுதான் பாக்கி. அங்கேதான் அக்கா, நம் ஆட்கள் நம் ஆட்களாகவே நடந்துகொண்டார்கள். நாலடி காலி நிலத்தைப் பார்த்துவிட்டு மாங்கன்று நடாமல் இருக்க இந்த ஊரில் யாருக்கு முடியும்? ஆளாளுக்குச் செந்தூரம், பங்கனப்பள்ளி என்று ஒட்டுக்கன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சும்மா கொடுத்தார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது.

கூட்டத்தில் நீங்கள் ஒருத்தர்தான் எழுந்து நின்று புங்கமரம் கேட்டீர்கள். "நெழலுக்குத்தானுங்க மரம்? காய்க்கறத வெச்சா காவலு வேணும்பீங்க. காவலு வெச்சா கேட்டு வேணும்பீங்க. அப்பறம் நாங்க எப்படிங்க போறது?" என்றீர்கள். "மாங்கா ஊர்ல வந்து புங்கன் கேக்கறீங்களேக்கா!" என்று என் வீட்டுக்காரர் சொன்னதும் சபையே சிரித்தது. நானும் நீங்களும் சிரிக்கவில்லை. பாதை தொடங்கும் முனையில் உங்கள் பங்குக்கு ஒரு புங்கங்கன்றை நீங்களே நட்டு வைத்தீர்கள்.

உத்காடனம் என்று திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. செண்டை மேளம், ரிப்பன், பொன்னாடை. நடப்பதற்கும் சைக்கிளுக்கும் மட்டுமே போட்ட பாதையில் திறந்து வைக்க வந்தவர் காரிலேயே வந்து இறங்கினார். நீங்கள் என் விலாவில் இடித்து, "காரு நல்லா ஓடுது, பாதை கெட்டியாத்தான் இருக்குது" என்றீர்கள்.

அதற்கப்புறம் சில வருஷம் நாம் ராணி மாதிரி இருந்தோம் அக்கா. பள்ளிக்கூடம் விட்டால் பெண்பிள்ளைகள் கூட்டமாகப் பேசிக்கொண்டே சைக்கிளில் வருவார்கள். சர்க்கரை நோய்க்காரர்கள் காலையில் கையை வீசிக்கொண்டு நடப்பார்கள். நானும் ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டேன். கொழுந்தனாரின் பைக்கில் நீங்கள் மறுபடி ஏறவேயில்லை. கொல்லங்கோட்டுக்கு நினைத்த நேரத்தில் போனீர்கள், நினைத்த நேரத்தில் வந்தீர்கள். வளைவில் உங்கள் மணிச் சத்தம் கேட்டால் அடுப்பில் டீக்கு வைத்துவிடுவேன்.

ஒட்டுக்கன்று சொன்னபடி காய்ப்புக்கு வந்தது. பூவைப் பார்த்ததும் கமிட்டிக்காரர்களின் முகமே மாறிவிட்டது. பாதை பராமரிப்புக்கு ஆகுமே என்று காய்ப்பைக் குத்தகை பேசி மரங்களைப் பாட்டத்துக்கு விட்டார்கள். பாட்டம் எடுத்தவர் வெளியூர்க்காரர். மருந்தடிக்கிற இடத்தில் ஆள் நடமாட்டம் ஆகாது, காயும் களவு போகும் என்று இரண்டு முனையிலும் இரும்புக் கேட் போடச் சொன்னார். கமிட்டி போட்டுக் கொடுத்தது. கார்த்திகையில் பூட்டினால் வைகாசிக்குத் திறப்பார்கள். அப்புறம் மழை பிடித்துவிடும், மண் பாதை வழுக்கும். லாரி ஓடாத மாதங்களில் மட்டும் லாரியிடமிருந்து தப்பிக்க ஒரு வழி. இப்படி ஒரு ஏற்பாட்டை வேறு எந்த ஊரிலாவது யோசிக்க முடியுமா?

நீங்கள் எங்கள் வீட்டுக்கே வந்து கேட்டீர்கள். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மரியாதையாகத்தான் பேசினார்.

"சீசனுக்கு மட்டுந்தானுங்கக்கா. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

"ஏந்தம்பி, லாரி ஓடறதே சீசன்லதான? அதுக்குத்தான பாதையே போட்டோம்?"

"அடுத்த கூட்டத்துல பேசலாமுங்க."

அடுத்த கூட்டத்திலும் பேசவில்லை, அதற்கடுத்ததிலும் பேசவில்லை. நீங்கள் மறுபடி லாரி ரோட்டில் சைக்கிளை எடுத்தீர்கள். பைக்கில் போங்கள் என்று எல்லோரும் சொன்னோம். "இனி எவன் பொறகாலயும் உக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டீர்கள்.

போன மாசியில் பாங்குக்குக் கிளம்பினீர்கள். பூட்டிக் கிடந்த கேட்டைத் தாண்டி ரோட்டில் கொஞ்ச தூரம்கூடப் போயிருக்கவில்லை. மாங்காய்ப் பெட்டி ஏற்றிய லாரி ஒன்று இன்னொன்றை முந்திக்கொண்டு வந்தது. நான் ஓடி வந்தபோது உங்கள் மேல் யாரோ வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். ரோடெல்லாம் மாங்காய் உருண்டு கிடந்தது. லாரிக்காரனைப் பிடித்து ஊரே அடித்தது. நான் அவனைப் பார்க்கவேயில்லை அக்கா. திரும்பி அந்தக் கேட்டைத்தான் பார்த்தேன், அதற்கு அப்பால் பாதை காலியாகக் கிடந்ததைப் பார்த்தேன். எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. ஆறக்கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

வருஷம் திரும்பப் போகிறது என்றதும் கமிட்டிக்கு உங்கள் மேல் பாசம் பொங்கிவிட்டது. பாதைக்கு உங்கள் பெயர் வைப்பதென்றும் கல் நாட்டுவதென்றும் முடிவு செய்தார்கள். என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்தபடி கேட்டார்.

"அக்காவப் பத்தி நாலு வரி எழுதிக் குடு அம்மிணி. உன்ற அளவுக்கு ஆரு எழுதுவா?"

"கேட்டை எடுத்துப்போட்டு வாங்க, எழுதித் தாரேன்."

"சீசன் முடிஞ்சா தொறக்கத்தான போறோம்?"

"அக்கா சீசன்லதானுங்க செத்தாங்க."

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். மறுநாள் நான் எழுதிக் கொடுத்தேன்: "இந்தப் பாதையைக் கேட்டு வாங்கியவர். இது பூட்டியிருந்ததால் ரோட்டில் போய் இறந்தவர்." அவர் இரண்டு தரம் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டுமே உண்மை என்று அவருக்கும் தெரியும். கல்லில் இப்போது இருப்பது வேறு யாரோ எழுதியது. உங்களைப் பாதையின் தாய் என்று போட்டிருக்கிறார்களாம், சமூகச் சுடர் என்றும் போட்டிருக்கிறார்களாம். உங்களுக்குச் சிரிப்பு வரும்.

போட்டிருக்கிறார்களாம் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? விழாவுக்கு நான் போகவில்லை. இனி வைகாசி வரை போய்ப் படிக்கவும் வழியில்லை. ரோட்டோரத்தில் வைத்தால் லாரி இடித்துவிடும் என்று பயந்து உங்கள் கல்லைப் பத்திரமாகக் கேட்டுக்கு உள்பக்கம் நட்டிருக்கிறார்கள். விழா நேரத்துக்கு மட்டும் கேட்டைத் திறந்தார்கள், முடிந்ததும் பூட்டிவிட்டார்கள். கல்லுக்கு லாரியிடமிருந்து பாதுகாப்பு கிடைத்துவிட்டது.

கோயம்புத்தூரில் இருக்கும் உங்கள் மகன் காரியம் முடிந்து கிளம்பும்போது அந்த நசுங்கிய சைக்கிளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். மணி மட்டும் அடிபடாமல் இருந்தது. அதைக் கழற்றி என் சைக்கிளில் மாட்டிக்கொண்டேன். உங்களுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

இன்று மத்தியானம் பெட்டியை அப்படியே கேரியரில் கட்டிக்கொண்டு லாரி ரோட்டு வழியாகக் கேட்டுக்குப் போனேன். நீங்கள் நட்ட புங்கன் நன்றாகப் படர்ந்திருக்கிறது. காவல்காரரின் கட்டில் அந்த நிழலில்தான் கிடக்கிறது. அவர் கோபாலபுரம் பக்கத்துக்காரர், வயசானவர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மணியடித்தேன். எழுந்து வந்தார்.

"பூட்டியிருக்குதுங்க அம்மா."

"தெரியுமுங்க. தொறங்க, போகோணும்."

"சாவி பாட்டக்காரர்கிட்ட இருக்குதுங்க."

பெட்டியைக் கேட்டுக்கு முன்னால் இறக்கி வைத்தேன். கம்பிகளுக்கு நடுவே உங்கள் கல் தெரிந்தது. எழுத்துத் தெரியவில்லை, அதன் முதுகுதான் ரோட்டைப் பார்த்து இருக்கிறது. மறுபடியும் மணியடித்தேன். அவர் பாவம், பூட்டை இழுத்துக் காட்டினார். நாளைக்கும் வருவேன் என்று அவரிடம் சொன்னேன். சாயங்காலம் வீட்டில் என் வீட்டுக்காரரிடமும் அதையே சொன்னேன். அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

நாளைக்கும் மணியடிப்பேன் அக்கா. திறக்கிறவரை அடிப்பேன்.