82ஆம் ஆண்டு வகுப்பும் ஒன்பது மெழுகுதிரியும்

2016 ஓகஸ்ட் 7, ஞாயிறு

இண்டைக்குப் பெற்றிசியாவுக்குப் போன் எடுத்தனான். அவ இப்ப முருங்கனில கணக்கு ரீச்சர். "82இல ஓ.எல். சோதினை எடுத்த எங்கட வகுப்பு ஒருக்கா ஒண்டுகூடுவம், பழைய பள்ளிக்கூடத்திலயே" எண்டன். அவ கேக்கிறா, "எடித், நீ அஞ்சாம் வகுப்போட நிண்டனி எல்லே?"

"ஓம். ஆனா நீங்கள் ஓ.எல். எடுக்கும் மட்டும் கேற்றடியில கச்சான் கடலை வித்தது ஆர்? உங்கட வகுப்புப் பாஸானதே என்ர கச்சானில."

சிரிச்சுச் சிரிச்சே ஓமெண்டிட்டா. சிரிக்க வைச்சா ஆக்கள் ஏன் எதுக்கெண்டு கேக்க மாட்டினம்.

இதில மட்டும் உண்மையை எழுதுறன். எங்கட பாலைக்குடாப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால சேமக்காலை. அதுக்குள்ள என்ர பிள்ளை அன்ரோனெற் கிடக்கிறா. ஆறு வயசு. 2001இல பாம்பு கடிச்சது. 2007இல சண்டைக்குள்ள ஊரை விட்டு எழும்பி நானாட்டானுக்கு வந்தம். இப்ப ஊர் முழுக்க நேவிக் காம்ப். கல்லறைக்கு விடச் சொல்லி மூண்டு கடிதம் குடுத்தம், ஒண்டுக்கும் பதிலில்லை. போன மாதம் ஒரு கதை கேள்விப்பட்டன். வேற ஒரு ஊரில பழைய மாணவர் எண்டு எழுதிக் கேட்ட ஆக்களை ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குள்ள விட்டவங்களாம்.

அப்ப நானும் பழைய மாணவி.

ஓகஸ்ட் 9

தோமஸுக்குச் சொல்லேல்லை. என்ர மனிசன் நல்ல மனிசன், ஆனா பழைய கதையைத் துவங்குவார். ஒவ்வொரு வருசமும் நவம்பர் ரெண்டு, ஆத்துமாக்கள் நாள் வரேக்கை, "நானாட்டான் சேமக்காலையிலயும் பெரிய குருசு நிக்குதெல்லே, அதில ஒரு திரியைக் கொளுத்தன். பிள்ளைக்குப் போய்ச் சேரும்" எண்டுவார்.

பெரிய குருசு ஆருக்கு? கல்லறை எங்கயெண்டு தெரியாத ஆக்களுக்கு. எனக்கு ஏன் அது? எனக்குத் தெரியுமே! வாசல் தூணில இருந்து கடல் பக்கமாப் பதினொரு அடி. அதிலயிருந்து வலக்கைப் பக்கம் நாலு. சுத்திவரச் சங்கு புதைச்சு வைச்சனான், என்ர கையால.

வருசா வருசம் ஒரு மெழுகுதிரி வாங்குவன். கொளுத்த மாட்டன். அலுமாரியில சீலைக்கடியில கிடக்குது. ஒன்பது.

ஓகஸ்ட் 21, ஞாயிறு

மறிச்சுக்கட்டிக்கு பஸ்ஸில போய் எங்கட வகுப்பு அப்துல் றசாக்கைப் பிடிச்சன். தொண்ணூறில முஸ்லிம் ஆக்களோட புத்தளத்துக்குப் போனவன், 2010இல திரும்பி வந்து கச்சான், எள்ளு போடுறான். தலையில ஒண்டுமில்லை. "றசாக்கு, பின்வாங்கில இருந்த உனக்கு முன்மண்டையில இவ்வளவு வெளிச்சமோ!" எண்டன்.

"நீ அப்பவும் கேற்றுக்கு வெளியில நிண்டுதானே நக்கலடிச்சனி, கச்சான்" எண்டான். இப்பவும் எனக்கு அதுதான் பெயர்.

பதினாலு பேர் ஓமெண்டிட்டினம். கோழி அறுக்கிறது றசாக்கின்ர பொறுப்பு, அப்பதான் எல்லாரும் சாப்பிடலாம்.

செப்ரெம்பர் 5

பெற்றிசியா காம்புக்குக் கடிதம் எழுதிப்போட்டா. நான்தான் சொன்னனான், "வெறுங் கடிதம் காணாது, கந்தோர்க் கடதாசி ஒண்டையும் சேர்த்துக் குடுத்தா நம்புவாங்கள்" எண்டு. நானே மன்னார்க் கல்விக் கந்தோருக்குப் போனன். மூண்டு மணித்தியாலம் வாங்கில இருந்தன். "தம்பி, எழும்பினா கதிரையும் சேர்ந்து எழும்புமோ" எண்டு பகிடி விட்ட பிறகுதான் அந்தக் கிளாக்கர் அசைஞ்சார். 82ஆம் ஆண்டுப் பெறுபேற்றுத் தாள். கொப்பி எடுத்து, முத்திரை குத்தி, வெயிலில கசங்காமல் கொண்டு வந்து குடுத்தன்.

செப்ரெம்பர் 23

பதில் வந்திட்டுது! ஒக்ரோபர் 16, காலமை ஒன்பதில இருந்து மூண்டு மணி மட்டும்.

பெற்றிசியா வாசிச்சா. "இணைப்பிலுள்ள பெயர்களுக்கு மாத்திரம்."

இணைப்பு எண்டது நான் கொண்டு வந்த தாள். நான் ஓ.எல். எடுக்கேல்லை. என்ர பெயரில்லாத கடதாசியை என்ர கையாலயே சுமந்து கொண்டு வந்து குடுத்திருக்கிறன். விசரி. விசரி.

செப்ரெம்பர் 24

சோறு இறங்கேல்லை. தோமஸ் காய்ச்சலோ எண்டார். ஓமெண்டன்.

செப்ரெம்பர் 26

பெற்றிசியா போனில, "எடித், குறை நினையாத. நீதானே எல்லாம் செய்தனி. நாங்கள் வெளியில வந்தாப்போல கேற்றடியில உன்னோட நிண்டு ஒரு படம் எடுப்பம், என்ன?"

"அதுக்கென்ன, எனக்குப் பழகின இடம்தானே" எண்டன். விழுந்து விழுந்து சிரிச்சா. போனை வைச்சிட்டுச் சீலைத் தலைப்பைக் கடிச்சுக்கொண்டு குந்தினன்.

எப்பிடி உள்ள போறது? மாதாவே, எப்பிடி?

செப்ரெம்பர் 28

றசாக்குக்குச் சொல்லிப்போட்டன். எல்லாத்தையும். அவனுக்கு முன்னால அழுததை நினைக்க வெக்கமாக் கிடக்கு.

அவன் சொன்னான், "புத்தளத்தால வந்தவுடன மையவாடிக்குத்தான் போனனான். காடு. வாப்பாவைத் தாட்ட இடத்து மீசான் கல்லு எங்கயெண்டு தெரியேல்லை. முழுக் காட்டுக்கும் சேர்த்து ஸலாம் சொல்லிப்போட்டு வந்தன்."

எனக்குக் கோவம் வந்திட்டுது. "உனக்கு இடம் தெரியாது, எனக்குத் தெரியும்" எண்டு கத்தினன். ஏன் அப்பிடிக் கத்தினனான்?

அவன் குறை நினைக்கேல்லை. "சரி, அண்டைக்குச் சமையல் ஆர்?" எண்டு கேட்டான்.

ஒக்ரோபர் 6

பெற்றிசியா இன்னொரு கடிதம் குடுத்து மறுமொழியும் வந்தது. "சமையலுக்கு ஒருவர் அனுமதிக்கப்படுவார்." கீழே என்ர பெயரும் அடையாள அட்டை நம்பரும். பழைய மாணவியாப் போகேலாட்டி என்ன, சட்டிபானையோட போறன்.

கடையில இந்த வருசத்துத் திரியை வாங்கினன். நல்ல தடிச்சது.

ஒக்ரோபர் 16, ஞாயிறு

பொழுதுபட வந்து எழுதுறன்.

கேற்றடியில பெயர் வாசிச்சு ஒவ்வொருத்தரா விட்டவங்கள். கடைசியா நானும் கிடாரமும். மெழுகுதிரி உப்பு ரின்னுக்குள்ள. வகுப்பறை இப்ப சாமான் அறை, ஆனா கரும்பலகை அப்பிடியே கிடக்கு. அவையவை இருந்த இடத்தில நிண்டு எல்லாரும் அழத் துவங்கிட்டினம். "அழுற ஆக்கள் இஞ்சால வாங்கோ, குழம்புக்கு உப்புக் காணாது" எண்டு கிணத்தடியில நிண்டு கத்தினன். அழுதுகொண்டே சிரிச்சவை.

பதினொரு மணியிருக்கும். விறகு பொறுக்கிறன் எண்டு எழும்பினன். காவலுக்கு நிண்டவர் மறிச்சுப்போட்டார். றசாக் கோழிச் சட்டியை விட்டிட்டு ஓடி வந்து, புத்தளத்தில பழகின சிங்களத்தில என்னவோ மன்றாடினான். "அஞ்சு நிமிசமாம், வா" எண்டான்.

பனைவரிசையைத் தாண்டினாச் சேமக்காலை. பனையில்லை. வாசல் தூணில்லை. ஒரு குருசும் இல்லை. மட்டமா மணல். நடுவில கரப்பந்து வலை. சுத்திவரச் சுண்ணாம்புக் கோடு.

பதினொரு அடி — எங்கயிருந்து? அஞ்சாம் வகுப்பு மட்டும் நான் ஒழுங்காப் படிச்சது எண்ணத்தான். எங்கயிருந்தடி எண்ணத் துவங்குறது? கடல் பக்கமா நடந்தன். திரும்பி வந்தன். சங்கு ஏதும் தட்டுப்படுதோ எண்டு காலால மணலைக் கிண்டினன். பிறகு சுருக்கெண்டுது — அவவுக்கு மேலதான் நிக்கிறனோ? அசையப் பயம். செருப்பைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு நிண்டன். அடுத்த காலை எங்க வைக்கிறது எண்டு தெரியாமல் அப்பிடியே நிண்டன்.

"எடித், சோறு அடிப்பிடிக்கப் போகுது" எண்டான் றசாக். இவ்வளவு காலத்தில முதல்தரம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன்.

சாப்பாடு நல்லமெண்டவை. படமெடுக்கப் போனை என்னட்டத் தந்தவை. "பல்லுள்ள ஆக்கள் எல்லாரும் சிரியுங்கோ" எண்டன். நல்லாச் சிரிச்சவை.

திரி உப்பு ரின்னோட திரும்பி வந்திட்டுது.

ஒக்ரோபர் 19

தோமஸுக்குச் சொன்னன், போனதை. "கண்டனியோ?" எண்டார். "முழுக்க மணல் மூடிப்போட்டுது" எண்டன். வலையைப் பற்றிச் சொல்லேல்லை. அவருக்கு அது வேண்டாம்.

ஒக்ரோபர் 24

பெற்றிசியா படத்தை அனுப்பியிருக்கிறா. எல்லாற்ற முகமும் வடிவா விழுந்திருக்கு. அடுத்த வருசமும் செய்வமோ எண்டு கேக்கிறா. மறுமொழி போடேல்லை.

நவம்பர் 2, புதன்

விடியத் தொடக்கம் மழை. பின்னேரம் கொஞ்சம் விட்டுது. அலுமாரியைத் திறந்து சீலையெல்லாம் எடுத்துக் கட்டிலில போட்டன். பழைய திரியெல்லாம் வெக்கைக்கு வளைஞ்சு மஞ்சளாப் போச்சு. தோமஸ் பாத்துக்கொண்டு நிண்டவர். குடையை எடுத்தார்.

நானாட்டான் சேமக்காலையில நல்ல சனம். பெரிய குருசடியில இடம் பிடிச்சுக் குந்தினன். ஈர நெருப்புப்பெட்டி, அஞ்சாறு குச்சி வீணாப் போச்சு. வளைஞ்ச திரி நிக்க மாட்டனெண்டுது, மணலைக் குவிச்சுக் குவிச்சு நிப்பாட்டினன். தோமஸ் குனிஞ்சு குடையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார்.

பத்தும் ஒண்டா எரிஞ்சுது.

பக்கத்தில குந்தியிருந்த ஒரு மனிசி என்ர திரியளை ஒவ்வொண்டா எண்ணிப்போட்டு என்ர முழங்கையைத் தொட்டா. "பத்துப் பேரோ, அக்கா?" எண்டு கேட்டா.

"இல்லை. ஒராள்தான்" எண்டன்.