பொழிச்சலூரில் கரண்ட் போன நேரம்

அன்பு மாறாத என் அண்ணிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் சுகுமார் மாஸ்டர் நிற்கிறார். தலைக்கு மை அடித்து ஆளே இளைத்திருந்தார். கையில் ஒரு புதுக் கேசட். அட்டையில் நீங்கள்! மடியில் டோலக், தட்டுவதற்கு ஓங்கிய கை. மேலே சிவப்பு எழுத்தில் 'எழுச்சி மகளிர் பாடல்கள்'.

அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். அப்படியே உள்ளே போய்விட்டார். மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோன பிறகு அவர் அப்படித்தான் ஆகிவிட்டார், அண்ணி. கோபம் வந்தாலும் உள்ளே போகிறார், அழுகை வந்தாலும் உள்ளே போகிறார்.

வெளியீட்டு விழாவுக்கு நாங்கள் வர வேண்டுமாம். உங்கள் சார்பில் எனக்குப் பொன்னாடை போர்த்துவாராம். பெண்களை மேடையேற்றிய முதல் ஆள் அவர்தான் என்று கேபிள் டிவியில் வேறு பேட்டி கொடுத்திருக்கிறார். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்களா, எழுந்து போயிருப்பீர்களா?

அந்த மனுஷன் நம் வீட்டுக்கு முதன்முதலில் வந்தது நினைவிருக்கிறதா? அவருடைய மெல்லிசைக் குழுவைக் கூப்பிட ஆளில்லாமல் போயிருந்த சமயம். ஸ்டவ் வெடித்து மருமகள்கள் மட்டும் செத்துக்கொண்டிருந்ததைக் கண்டித்து, தாம்பரத்தில் பெண்கள் கூட்டம் போட்டார்கள். நீங்களும் நானும் ரோட்டோரமாக நின்று கேட்டோம். மாஸ்டரும் கேட்டிருக்கிறார். நமக்கு அந்தப் பேச்சு மனசில் பட்டது. அவருக்கு அங்கே கூடிய கூட்டம் கண்ணில் பட்டது.

கொஞ்ச நாளில் குழுவின் பெயர் 'எழுச்சி மகளிர்' ஆனது, உங்களை டோலக் வாசிக்கக் கூப்பிட நம் வீட்டுக்கு வந்தார். ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கப் போஸ்டர். 'அடுப்படியை விட்டு வா, ஆணுக்குச் சமமாய் வாசி!' இத்தனைக்கும் ஒத்திகை நடக்கும்போது அவர் வீட்டம்மா டீ டம்ளரைக் கதவிடுக்கு வழியாகத்தான் நீட்டுவார். கூடத்துக்குள் வர அனுமதி கிடையாது.

ஆனாலும் நீங்கள் போனீர்கள். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸில் வருஷா வருஷம் கழுத்தில் டோலக்கை மாட்டிக்கொண்டு வாசித்த கை அது. கல்யாணத்துக்குப் பிறகு சும்மா கிடந்தது. சமமாய் வாசி என்று எவனோ எழுதியதை நீங்கள் நிஜமென்று நம்பிவிட்டீர்கள். இன்றைக்கும் என் மனசு கேட்காத இடம் அதுதான், அண்ணி. சொன்ன ஆள்தான் பொய். அந்தச் சொல்லில் என்ன பொய் இருந்தது?

மேடைக்குப் பின்னால் நீலப் படுதா கட்டி, அதற்குப் பின்னால் ஆண்களை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னார் மாஸ்டர். முன்னால் நீங்கள் நான்கு பெண்களும் ஒரே நிறப் பட்டுப் புடவையில். பாடின பெண்ணின் மைக் மட்டும் நிஜம். உங்கள் டோலக்குக்கு முன்னால் இருந்த மைக்கின் ஒயர் மேடைக்கு அடியில் சுருட்டிக் கிடந்தது. கேட்டதெல்லாம் படுதாவுக்குப் பின்னால் குழுவின் பழைய டோலக்காரர் பாபு அண்ணன் வாசித்தது. எங்களிடம் நீங்கள் மூச்சு விடவில்லை. முன் வரிசையில் உட்கார்ந்து நானும் அண்ணனும் கை வலிக்கத் தட்டினோம்.

பொழிச்சலூர் கோயில் திருவிழாவுக்கு அண்ணன் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மைக் செட்காரரைக் கெஞ்சி அவர் பிளக்கிலேயே சொருகிக்கொண்டார். "பேட்டரி போடலையா அண்ணா?" என்று கேட்டேன். "அதான் கரண்ட் இருக்கே, எதுக்கு வீணா?" என்றார்.

நாலாவது பாட்டில் கரண்ட் போய்விட்டது. கீபோர்டு ஊமையானது, மைக் செத்தது. கூட்டம் விசிலடிக்க ஆரம்பித்தது. அப்போது உங்கள் டோலக் கேட்டது. பாடின பெண்ணும் தொண்டையைத் திறந்து பாடினாள். யாரோ பெட்ரோமாக்ஸைத் தூக்கிக்கொண்டு மேடைப் பக்கம் வந்தார்கள். விசில் நின்றது. பின்வரிசை ஜனம் எழுந்து முன்னால் வந்தது. கேரல் ரவுண்ட்ஸில் தெருக்கோடி வரை கேட்குமே, அதே கை. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏனென்று அப்போது தெரியவில்லை. பாட்டு முடிகிற நேரத்தில் கரண்ட் வந்தது.

மறுநாள் அண்ணன் பக்கத்து வீட்டாரையெல்லாம் கூப்பிட்டு அந்தக் கேசட்டைப் போட்டார். "கேளுங்க, என் பொண்டாட்டி வாசிப்பு" என்று ஒரே பெருமை. அவர்கள் போனதும் நீங்கள் அடுப்படியிலிருந்து வந்து சொன்னீர்கள்: "அது நான் இல்லீங்க. பாபு அண்ணன். நான் வாசிச்சது கரண்ட் இல்லாதப்ப மட்டும்தான்."

அடுத்த ஒத்திகைக்கு நானும் உங்களோடு வந்தேன். "மாஸ்டர், என் மைக்குக்கு ஒயர் குடுங்க. அது போதும்" என்றீர்கள்.

"இன்னாம்மா நீ," என்று சிரித்தார் மாஸ்டர். "ஜனங்க உங்கள பாக்கத்தான் வராங்கோ, கேக்க இல்ல."

பாபு அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே பேசினார். "குடுங்க மாஸ்டர். கரண்ட் போனப்ப நான் வேணும்னேதான் கைய கட்டிக்கினு குந்தினேன். அந்தப் பொண்ணு கை சுத்தமா கீது." மாஸ்டர் அவரை முறைத்தார். நீங்கள் மேடைக்கென்று கொடுத்திருந்த பட்டுப் புடவையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வந்துவிட்டீர்கள். அதற்கப்புறமும் உங்கள் படம் போட்ட போஸ்டர் பல வருஷம் ஓடியது. முடிச்சூரில் வயல்களை மனையாகப் பிரித்துப் பிளாட் கல் நட்டபோது, அந்தக் கல்லில்கூட ஒட்டியிருந்தார்கள். நீங்களோ அதன் பிறகு டோலக்கைத் தொடவேயில்லை. கேரலுக்குக் கூப்பிட்டபோதும் கை வலி என்றீர்கள். நாங்கள் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாமோ?

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "இந்தக் கேசட்ல அண்ணி வாசிச்சது எங்கயாவது இருக்கா?"

"அதெப்படிம்மா இருக்கும்? எல்லாம் பாபு வாசிச்சதுதான்."

"அப்ப பொன்னாடைய பாபு அண்ணனுக்கே போத்துங்க. எங்க அண்ணி படத்த எடுத்துடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எடுப்பார் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

அவர் போன பிறகு, உள்ளே அண்ணன் பழைய பொழிச்சலூர் கேசட்டைப் போட்டிருந்தார். நாலாவது பாட்டில் சத்தம் இழுத்துக்கொண்டே போய் அமுங்குகிறது. உடனே மறுபடி எழும்புகிறது, படுதாவுக்குப் பின்னால் இருந்த டோலக். நடுவில் சின்னதாக ஒரு 'டக்', அவ்வளவுதான். அண்ணன் திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே ஓட்டிக் கேட்கிறார். "நாலு பேட்டரி, கிரேஸு. நாலே நாலு பேட்டரி போட்டிருந்தா" என்கிறார்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணி. இனி நம் வீட்டில் யார் இந்தக் கேசட்டைக் கேட்டாலும், அந்த 'டக்' வந்ததும் நான் நிறுத்துவேன். அந்த நேரத்தில் வாசித்தது யார் என்று சொல்லிவிட்டுத்தான் மறுபடி ஓடவிடுவேன்.

உங்கள் வாசிப்பைக் காதால் கேட்ட,
உங்கள் நாத்தனார்
கிரேஸ்