தாமரை விரியும் பொத்தானை நிறுத்திவைத்த ஆணை

மழை தப்பாது பொழிக. மலையும் கடலும் ஒரு குடைக்கீழ் நிலைபெறுக. வெண்குன்ற நாடுடைய, பகைவர் பணிந்த வாசலுடைய கோதைமாதேவியார் திருவாய் மொழிந்தபடி ஓலைநாயகம் கீரன் சாத்தன் எழுதியது. நாட்டின் எல்லா இணைய உலாவிகளிலும் ஒன்றுபோல் இயங்கும் என்று பறைசாற்றப்பட்ட ‘தோரணம்’ என்னும், இணையப் பக்கங்களைக் கட்ட உதவும் திறமூல ஜாவாஸ்கிரிப்ட் நிரலகத்தைப் பேணிவரும் நிரலவையின் சான்றோர்க்கு வாழ்த்து. உங்கள் விசைப்பலகைகள் தூசியின்றி விளங்குக. உங்கள் அறிவும் அவ்வாறே விளங்கியிருந்தால் இவ்வோலைக்கு வேலை இருந்திராது.

நிகழ்ந்ததைக் கேளுங்கள். மேல்மலை மருத்துவச்சாலையைத் தனி ஒருத்தியாய் நடத்திவரும் மருத்துவச்சி பூங்கணி, சேறு அப்பிய காலோடு நேற்று அரசவைக்கு வந்தாள். பாம்புக்கடி மருந்து தீர்ந்துவிட்டதென்றும், அரசு மருந்துக் களஞ்சியத்தின் இணையப் பக்கத்தில் ‘அனுப்பு’ என்னும் பொத்தானை அழுத்தி அழுத்தித் தன் விரல் தேய்ந்ததேயன்றி மருந்து வந்தபாடில்லையென்றும், புற்றுகள் மலிந்த அம்மலையில் மழை தொடங்கினால் கடிபட்டவர்க்குக் கொடுக்கத் தன்னிடம் ஆறுதல் சொல் மட்டுமே இருக்குமென்றும் முறையிட்டாள். தேவியார் அவள் சுமந்து வந்த பழைய மடிக்கணினியைத் தம்முன் வைக்கச்செய்து, தாமே அப்பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மீண்டும் அழுத்தினார். கடல் கடந்த நாடுகளைப் பணியவைத்த கை உங்கள் பொத்தானிடம் தோற்றது.

அப்பக்கம் தோரணத்தால் கட்டப்பட்டது என்று அறிந்ததும், உங்கள் தலைவர் நம்பி இளவெயினனாரை வரவழைத்து வினவினார். அம்மடிக்கணினியில் உள்ளது போன்ற பழைய உலாவிகளுக்கான ஆதரவு சென்ற வெளியீட்டிலேயே கைவிடப்பட்டது என்று அவர் கூசாமல் ஒப்புக்கொண்டார். அடுத்த வெளியீட்டின் முதல் முன்னுரிமை யாதென்று கேட்டதற்கு, பொத்தானை அழுத்தும்போது அதன்மேல் ஒரு தாமரை இதழ் இதழாக விரியும் என்றார். வேலை செய்யாத பொத்தானில் தாமரை பூத்தால் என்ன, தாழை பூத்தால் என்ன என்று தேவியார் மனத்துள் எண்ணி, பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

தலைவரோ நிறுத்தவில்லை. முன்னுரிமைகளை நிரலவை தன் விருப்பப்படி வகுப்பதில்லையாம்; நாட்டு மக்கள் இணையத்தில் இடும் வாக்கே வகுக்குமாம்; பழைய உலாவிக்காக மேல்மலையிலிருந்து ஒரு வாக்குகூட விழவில்லையாம்; ஆகவே அதைப் பயன்படுத்துவார் அங்கே எவருமில்லை என்பது ஐயமற நிறுவப்பட்டதாம். அந்த வாக்குப் பக்கத்தை அதே மடிக்கணினியில் திறக்கச் சொன்னார் தேவியார். வெள்ளைத் திரை வந்தது. வெள்ளையாகவே இருந்தது. அதையும் தோரணத்தின் புது வெளியீட்டைக் கொண்டே கட்டியிருந்தீர்கள். வாசலைப் பூட்டிக்கொண்டு, விருந்துக்கு ஆளே வரவில்லை என்று உறுதியாய்ச் சொல்லும் மேதைகளை இந்நாடு இதற்குமுன் பெற்றதில்லை.

அரசவை வாய்விட்டுச் சிரித்தது. பூங்கணி சிரிக்கவில்லை. அப்போதும் உங்கள் தலைவர் அடங்காமல், தோரணம் திறமூலமாதலால் குறையுள்ளவர் தாமே நிரலைத் திருத்திக்கொள்ளத் தடையேதுமில்லை என்றார். கடிபட்டவன் கால் வீங்கிக் கிடந்தபடியே உங்கள் நிரலை வரிவரியாய்ப் படித்துத் திருத்தவேண்டும் போலும். அச்சொல்லோடு தேவியாரின் பொறுமை அற்றுப்போனது.

ஆகவே பிறந்த ஆணை இது. நடந்த வாக்கெடுப்பு செல்லாது. தாமரை மொட்டாகவே இருக்கட்டும். பழைய உலாவியில் ‘அனுப்பு’ என்னும் பொத்தானை இயங்கவைப்பதே முதல் வேலை. இரண்டாம் வேலை என ஒன்று இப்போதைக்கு இல்லை. மருந்து அதுவரை காத்திருக்க இயலாதாகையால், இளவெயினனார் அதைத் தம் தோளில் சுமந்து பூங்கணியோடு இன்று காலையே மலையேறிவிட்டார். பல்லக்கு கேட்டார், மறுக்கப்பட்டது.

மருந்து வந்து சேர்ந்ததைப் பூங்கணி அந்தப் பழைய மடிக்கணினியில் அதே பொத்தானை அழுத்தியே களஞ்சியத்துக்குத் தெரிவிப்பாள். அச்செய்தி கிட்டும்வரை உங்கள் தலைவரை மலையிலிருந்து இறங்க விடலாகாது என்று மலைவழி காக்கும் காவலர்க்குத் தனியோலை போயிருக்கிறது. இதற்குச் சான்றாக மான்கொம்பு முத்திரை பொறிக்கப்பட்டது. மறுமொழி ஓலை வேண்டா. தலைவர்மீது உங்களுக்கு எவ்வளவு அன்பு என்பதை அடுத்த வெளியீட்டின் தேதியே சொல்லிவிடும்.